ஆறினால் கிளம்பும் வண்டி

கருவடிக்குப்பத்துத் தெருமுனையில் வண்டி மறுபடியும் மக்கர் பண்ணியது.

கமலவேணி ஓட்டும் இருக்கையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கீழே இருந்த கை லீவரைப் பிடித்து மேலே இழுத்தாள். என்ஜின் ஒரு தடவை செருமிவிட்டு அடங்கியது. இன்னொரு முறை இழுத்தாள். செருமல்கூட இல்லை. அக்கினி நட்சத்திர வெயில் தார் ரோட்டிலிருந்து திரும்பி முகத்தில் அடித்தது. பின்னால், ஐஸும் மீனும் நிறைந்த பெட்டிகளுக்குப் பக்கத்தில், அவளுடைய நாத்தனார் ஜெயம் முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் விட்டுப் புடி அண்ணி. உனக்கு மூச்சு வாங்குது பாரு."

"எனக்கு வாங்கறது இருக்கட்டும். இந்தச் சனியனுக்கு வாங்க மாட்டேங்குதே."

ஜெயம் சிரிக்கவில்லை. அடுத்த தெருவில் வாடிக்கைக்காரர்கள் பாத்திரத்தோடு காத்திருந்தார்கள். பெட்டியின் அடியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிச் சொட்டி மண்ணை நனைத்துக்கொண்டிருந்தது. எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஜெயத்தின் புருஷன் வெற்றிவேலுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். வெற்றிவேல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சவாரி ஆட்டோ ஓட்டுகிறவன். ஒரு சவாரியை இறக்கிவிட்டு வருவதாகச் சொன்னான்.

அவன் வந்துசேரும்போது வேப்பமரத்து நிழல் வண்டிமேல் விழ ஆரம்பித்திருந்தது. தன் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டே வந்தான். லீவரைப் பிடித்து ஒரே இழுப்பு. வண்டி படபடவென்று கிளம்பிவிட்டது.

கடை வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கைகூடத் தட்டினார்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல தங்கச்சி," என்றான் வெற்றிவேல். "இழுக்கற கைக்குத்தான் பலம் பத்தல."

கமலவேணி ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டாள். காது மட்டும் சுட்டது.

சுனாமி வந்துபோன அடுத்த வருஷம்தான் அவளும் ஜெயமும் மகளிர் குழு மூலமாக இந்தப் பழைய பெட்ரோல் லோடு ஆட்டோவை வாங்கினார்கள். அதுவரை வைத்திக்குப்பம் கடற்கரையில் விடியற்காலையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்தவர்கள். வண்டி வந்ததும் கமலவேணி ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்சும் எடுத்தாள். வைத்திக்குப்பத்தில் வேறு எந்தப் பொம்பளையும் அதுவரை வண்டி ஓட்டி மீன் விற்றதில்லை. கருவடிக்குப்பத்தில் ஆரம்பித்து, லாஸ்பேட்டை வழியாகச் சாரம் வரை போவார்கள். கூடையில் கொண்டுபோனதைப் போல நாலு மடங்கு மீன் கொண்டுபோக முடிந்தது.

மழைக்காலம் முழுக்க வண்டி ஒழுங்காகத்தான் ஓடியது. வெயில் ஏற ஏற இந்தத் தொல்லை ஆரம்பித்தது. கொஞ்ச நாள் என்ஜினை நிறுத்தாமலே வியாபாரம் செய்து பார்த்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவரின் பெண்சாதி, தெருவே 'சொல்தா வீட்டம்மா' என்று கூப்பிடுகிறவர், மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் வாங்க வந்தனா, புகை வாங்க வந்தனா? நாளைக்கும் இப்படித்தான்னா எனக்கு மீனே வேணாம்மா," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அதோடு அதையும் விட்டார்கள்.

சாரத்தில் பட்டறை வைத்திருந்த கோவிந்தராசுவிடம் ஏற்கெனவே பலமுறை வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய்க் காட்டியாயிற்று. அவர் பஞ்சாலையில் மெஷின்களைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தவர். ஆலை மூடியபிறகு வண்டிகளுக்கு வந்தவர். கை சுத்தமான ஆள். பிளக்கை மாற்றினார். காயிலை மாற்றினார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஆனால் ஒவ்வொரு தடவையும் வண்டி அவர் பட்டறைக்கு வந்துசேரும்போது எந்தக் கோளாறும் இல்லாமல்தான் வந்தது. இழுத்தால் கிளம்பியது. அவரும் தலையைச் சொறிந்துகொண்டு, "ஓட்டிப் பாரும்மா," என்று அனுப்பிவிடுவார்.

அன்று சாயங்காலம் வெற்றிவேல் வீட்டுக்கு வந்தான். கமலவேணியின் புருஷன் இராமதாஸ் வாசலில் வலையைப் பிரித்துக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிவேல் அவன் பக்கத்தில் குந்தினான். ஆனாலும் பேச்சு கமலவேணிக்குத்தான்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத. ஞாயித்துக்கெழமையிலேர்ந்து வண்டிய நான் ஓட்டறேன். நீங்க ரெண்டு பேரும் பின்னாடி குந்திக்கினு வியாபாரத்த மட்டும் பாருங்க. தெனமும் நடுரோட்டுல நின்னுக்கினு இருந்தா மீனும் கெட்டுப்போவும், பேரும் கெட்டுப்போவும்."

"உன் ஆட்டோவ இன்னா பண்ணுவ?"

"காலையில இத ஓட்டுவேன். மதியத்துக்கு மேல சவாரிக்குப் போவேன்."

ஜெயம் கதவோரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இராமதாஸ் வலையிலிருந்து கண்ணெடுக்காமல், "வண்டி அவங்களுது மச்சான். அவங்கதான் சொல்லணும்," என்றான்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் விடுண்ணே," என்றாள் கமலவேணி. "அதுக்குள்ள இன்னான்னு கண்டுபுடிக்கலன்னா நானே சாவியக் கொண்ணாந்து உன் கையில தரேன்."

அவன் போனபிறகு கடற்கரைக்குப் போய் மீன் பெட்டிகளைக் கழுவினாள். தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்கக் கோபம் கொஞ்சம் இறங்கியது, யோசனை வந்தது. அவன் இழுத்தான், கிளம்பியது. நான் இழுத்தேன், கிளம்பவில்லை. கை வேறு என்பது நிஜம்தான். ஆனால் இரண்டு இழுப்புக்கும் நடுவில் வேறு எதுவுமே மாறவில்லையா? அவன் வந்துசேரும் வரைக்கும் வண்டி சும்மா நின்றிருந்தது. நிழலும் வந்திருந்தது. பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதெல்லாம்கூட அப்படித்தான். தள்ளிக்கொண்டு போகிற நேரம் முழுக்க வண்டி ஆறிக்கொண்டே இருந்திருக்கிறது.

மறுநாள் விடியற்காலை, மீன் ஏற்றுவதற்கு முன், வீட்டு வாசலில் வைத்து லீவரை இழுத்துப் பார்த்தாள். ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்த வண்டி முதல் இழுப்பிலேயே கிளம்பியது. அணைத்துவிட்டு இடது கையால் இழுத்தாள். அதற்கும் கிளம்பியது.

"ஜெயம், பாத்துக்கோ. கையில பலம் இருக்குது."

"நான் எப்ப இல்லன்னேன்?" என்றாள் ஜெயம்.

அன்றைக்கு வியாபாரத்தோடு வியாபாரமாக வண்டியையும் கவனித்தாள். கருவடிக்குப்பம் போய்ச் சேர்ந்தவுடன் அணைத்து, அணைத்த கையோடு இழுத்தாள். கிளம்பியது. அடுத்த தெருவில் சங்கராவும் நெத்திலியும் அள்ளிக் கொடுத்து முடிக்கும் வரை நிறுத்திவிட்டு இழுத்தாள். கிளம்பவில்லை. நிழலில் தள்ளிவிட்டு வெற்றிலை போட்டு மென்று துப்பும் வரை காத்திருந்தார்கள். பிறகு இழுத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. ஓடும்போது தொல்லை இல்லை. நிறுத்தின உடனே இழுத்தால் தொல்லை இல்லை. ரொம்ப நேரம் விட்டாலும் தொல்லை இல்லை. இடையில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் என்னவோ ஆகிறது.

திரும்பி வரும்போது வைத்திக்குப்பம் கரையில் ஒரு படகு வந்து ஒதுங்கியதைப் பார்த்து, நண்டு இருக்கிறதா என்று கேட்க நிறுத்தினாள். பேரம் பேசி முடித்துத் திரும்ப அதே அளவு நேரம் ஆகியிருந்தது. கிளம்பாது என்று நினைத்துக்கொண்டே இழுத்தாள். வண்டி கிளம்பிவிட்டது. கமலவேணி இறங்கிப் பின்னால் போய் நின்றாள். வண்டியின் முதுகு கடலைப் பார்த்து இருந்தது. என்ஜின் மூடியின் சந்துகள் வழியாகக் கடல்காற்று விசுவிசு என்று உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அங்கிருந்து நேராகச் சாரத்துக்கு விட்டாள்.

கோவிந்தராசு ஒரு ஸ்கூட்டரின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது.

"கடக்காத்து பட்டா கெளம்புதா?"

"ஆமாண்ணே. நின்ன நேரம் அதேதான். காத்து மட்டுந்தான் வேற."

"அப்போ சூடுதாம்மா. ஓடும்போது காத்து அடிச்சிக்கினு போவுது. நிறுத்துனா காத்தும் நின்னுடுது. என்ஜின் சூடு மொத்தமும் மேல ஏறுது. ஏறி எதையோ புடிக்குது." அவர் தலையை ஆட்டினார். "என் தப்பு இன்னான்னா, நான் இத்தினி நாளா ஆறிப்போன வண்டியத்தான் பாத்துக்கினு இருந்தேன். காயில மாத்துனேன், கெளம்புச்சி, சரியாயிடுச்சின்னு நெனச்சேன். மாத்தாம இருந்தாலும் அது அப்ப கெளம்பியிருக்கும்."

"அப்போ எத மாத்தணும்?"

"மாத்தறது அப்புறம். மொதல்ல அது நிக்கற எடத்துலயே புடிக்கணும். பெட்ரோல் கோளாறா, கரண்டு கோளாறா, அது தெரியணும். அது நிக்கறப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன். நீதான் இருப்ப." அவர் ஒரு பிளக் ஸ்பேனரை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "நின்னதும் பிளக்கக் கழட்டு. சூடா இருக்கும், துணி வெச்சிப் புடி. ஈரமா இருந்தா பெட்ரோல் வருதுன்னு அர்த்தம். அப்புறம் வயரோட சேத்து பிளக்க என்ஜின் இரும்புல வெச்சிக்கினு ஜெயத்த லீவரு இழுக்கச் சொல்லு. நீலமாப் பொறி வந்தா கரண்டு இருக்குது. வரலன்னா கரண்டு இல்ல. பெட்ரோல் சிந்தியிருந்தா தொடச்சிட்டு, பிளக்க ஓட்டைக்கிட்ட கொண்டுபோவாம தள்ளி வெச்சிப் பாரு."

பிறகு என்ஜின் மூடியைத் திறந்து கரண்டு வரும் வழியை ஒவ்வொன்றாகக் காட்டினார். பிளக்குக்குப் போகும் தடித்த வயர். அது புறப்படும் காயில். அந்தக் காயிலுக்கு எப்போது கரண்டை விட வேண்டும் என்று நேரம் பார்த்து விடுகிற, தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. அதை சி.டி.ஐ. என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. வண்டி நிற்க வேண்டுமே என்று அவர்கள் இருவரும் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான். கருவடிக்குப்பத்தில் அது ஏமாற்றவில்லை. ஒரு தெரு வியாபாரம் முடிந்து இழுத்தபோது செத்துக் கிடந்தது.

"நின்னுடுச்சி!" என்று ஜெயம் சந்தோஷமாகக் கத்தியதைக் கேட்டு, வஞ்சரம் வாங்க வந்தவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கமலவேணி பழைய புடவைத் துணியைச் சுற்றிப் பிளக்கைக் கழற்றினாள். முனை பெட்ரோலில் நனைந்து மினுமினுத்தது. "பெட்ரோல் வருது," என்றாள். துடைத்து, வயரில் செருகி, இரும்போடு ஒட்டிப் பிடித்தாள். ஜெயம் முன்னால் போய் லீவரை இழுத்தாள். முந்தானையால் நிழல் கட்டிக்கொண்டு உற்றுப் பார்த்தாள் கமலவேணி. பொறி இல்லை. இன்னொரு தடவை. இல்லை.

"கரண்டுதாண்டி! கரண்டுதான் இல்ல!"

பாதி கண்டுபிடித்தாயிற்று. ஆனால் கரண்டு எங்கே நிற்கிறது? காயிலிலா, பெட்டியிலா? கொஞ்ச நேரம் போனால் எல்லாமே சேர்ந்து ஆறிவிடும். ஆறிவிட்டால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வொன்றாக ஆற வைக்க முடிந்தால்...

அவள் கண் மீன் பெட்டியில் விழுந்தது.

"ஜெயம், பாலித்தீன் பையில ஐஸ அள்ளிப் போடு. தண்ணி சொட்டக் கூடாது, நல்லா முடிஞ்சி குடு."

முதல் பையை வாங்கிக் காயில்மேல் அழுத்தி வைத்தாள். உடம்பில் சுளுக்குக்கு ஒத்தடம் கொடுப்பதுபோல் வைத்துக்கொண்டு நின்றாள். காயில் தொட்டால் ஜில்லென்று ஆனதும் ஜெயத்தை இழுக்கச் சொன்னாள். பொறி இல்லை. பையை எடுத்துக் கறுப்புப் பெட்டிமேல் வைத்தாள். பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. ஐஸ் அதன்மேல் பட்டதும் பையின் அடிப்பக்கம் சட்டென்று தண்ணீராயிற்று. இன்னொரு பை வாங்கி வைத்தாள். வஞ்சரம் வாங்க வந்தவர் வாங்கிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு போகாமல் நின்றார்.

"இழு."

பிளக் முனையில் ஒரு நீலப்பொறி குதித்தது.

"இன்னொருக்கா இழு!"

மறுபடியும் பொறி. சத்தத்தோடு, பளிச்சென்று.

கமலவேணி அவசரமாகப் பிளக்கை உள்ளே பூட்டினாள். ஓடிப்போய் இருக்கையில் ஏறாமல் நின்றபடியே லீவரை இழுத்தாள். வண்டி கிளம்பியது. இருவரும் நடுத்தெருவில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். ஆனால் ஜெயத்துக்குச் சட்டென்று முகம் வாடியது.

"அண்ணி, எங்க வூட்டுக்காரு இன்னா சொல்லுவாரு தெரியுமா? அதுவா ஆறிடுச்சி, நீங்க ஐஸ வெச்சிக்கினு கூத்தாடுறீங்கன்னுதான் சொல்லுவாரு."

அதில் நியாயம் இருந்தது. அடுத்த தெருவில் வண்டி நின்றபோது கமலவேணி பிளக்கையும் தொடவில்லை, காயிலையும் தொடவில்லை. நேராகப் பெட்டிமேல் ஐஸை வைத்தாள். ஒரு வாடிக்கைக்காரருக்கு நெத்திலி நிறுத்துப் போடும் நேரத்துக்குள் வண்டி கிளம்பியது. லாஸ்பேட்டையில் மூன்று தடவை இப்படி. ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஐஸ் வைக்காமல் இழுத்துப் பார்த்தபோது ஒரு தடவைகூடக் கிளம்பவில்லை.

"நாளைக்கு அண்ணன் வரட்டும்," என்றாள் கமலவேணி.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் எப்போதும் சூடாக நடக்கும். முடித்துவிட்டு உச்சி வெயிலில் சாரத்துப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். கமலவேணி சொல்லி அனுப்பியபடி, சாவி வாங்கிக்கொள்ள வெற்றிவேல் அங்கேயே வந்திருந்தான். ஸ்டாண்டுச் சிநேகிதர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வந்திருந்தான்.

கமலவேணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "தரேண்ணே. மொதல்ல எல்லாரும் ஒரு டீ குடிக்கலாம்," என்றாள்.

பக்கத்து டீக்கடையிலிருந்து டீ வந்தது. வெற்றிவேல் நிதானமாக ஊதி ஊதிக் குடித்தான். வெயிலில் நின்ற வண்டியிலிருந்து சூடு அலை அலையாக மேலே ஏறுவது பின்பக்கம் நின்றவர்களுக்குத் தெரிந்தது. கோவிந்தராசு ஓரக்கண்ணால் கமலவேணியைப் பார்த்தார். அவள் கண்ணை மூடித் திறந்து காட்டினாள். கடைசி மிடறு உள்ளே போனதும் சாவியை நீட்டினாள்.

"இந்தாண்ணே. நீயே கெளப்பி ஓட்டிக்கினு போ."

வெற்றிவேல் லீவரை இழுத்தான். என்ஜின் செருமியது. அவன் லேசாகச் சிரித்துவிட்டு இன்னும் வேகமாக இழுத்தான். ஒன்றுமில்லை. சட்டைக் கையை மடித்தான். காலை ஊன்றிக்கொண்டு இழுத்தான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணுக்குள் போயிற்று. சிநேகிதர்களில் தோள் பருத்த ஒருத்தன், "தள்ளு தலைவா," என்று வந்து, லீவர் கழன்று கையோடு வந்துவிடும்போல் இழுத்தான். அவனும் உதறிக்கொண்டு விலகினான். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள்.

"கைக்குப் பலம் பத்தலியா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். ஜெயம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

"சூடாயிருக்குது. ஆறட்டும்," என்றான் வெற்றிவேல் மூச்சிரைத்தபடி.

"ஆற வேணாம்ணே. நிக்கறது எதுன்னு நான் காட்டறேன்."

ஜெயம் ஐஸ் பையைத் தயாராக வைத்திருந்தாள். கமலவேணி முதலில் கார்புரேட்டர்மேல் வைத்துவிட்டு, "இழு," என்றாள். வெற்றிவேல் இழுத்தான். இல்லை. காயில்மேல் வைத்தாள். இழுத்தான். இல்லை. புதுப் பையை வாங்கிக் கறுப்புப் பெட்டிமேல் வைத்து அழுத்தினாள். பையிலிருந்து ஆவி போல் ஏதோ லேசாகக் கிளம்பி அடங்கியது. அவள் முன்னால் வந்து, வெற்றிவேலை நகரச் சொல்லிவிட்டு, இரண்டே விரலால் லீவரைக் கோத்து இழுத்தாள்.

வண்டி கிளம்பியது.

கூட்டம் 'ஓ'வென்று கத்தியது. ஆனால் கோவிந்தராசு கையைத் தூக்கினார். "இருங்க, இருங்க. இன்னும் ஒண்ணு பாத்துடலாம். ஐஸு வெச்சா உயிர் வருதுன்னா, சூடு வெச்சா உயிர் போவணும். அப்பத்தான் கோர்ட்டுல நிக்கும்."

டீக்கடை அடுப்பில் கொதித்த தண்ணீரைக் கனமான பையில் ஊற்றி, வாயை இறுக்கிக் கட்டி, துணியால் பிடித்துக்கொண்டு வந்தார். வண்டி சீராக ஓடிக்கொண்டிருந்தது. ஐஸை எடுத்துவிட்டு அந்தப் பையைக் கறுப்புப் பெட்டிமேல் வைத்தார். கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு விக்கல். இன்னொரு விக்கல். 'ஃபட்' என்று ஒரு சத்தத்தோடு என்ஜின் அணைந்தது. கமலவேணி வெந்நீர்ப் பையை எடுக்கச் சொல்லி ஐஸை வைத்தாள், இழுத்தாள், கிளம்பியது.

இந்தத் தடவை கைதட்டலை ஆரம்பித்தவன் வெற்றிவேல்தான். சாவி வண்டியில் இருந்தது. அதை அவன் எடுக்கவே இல்லை.

"தங்கச்சி, நான் கையச் சொன்னது தப்புதான்," என்றான். "பத்து வருஷமா ஆட்டோ ஓட்டறேன். நின்னா ஆற விட்டுட்டு ஓட்டுவேனே தவிர, ஏன் நின்னுச்சின்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

கோவிந்தராசு புதுப் பெட்டி ஒன்றை வாங்கிவரச் செய்து மாட்ட உட்கார்ந்தார். கமலவேணி அவர் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, இதுவும் கொஞ்ச நாள்ல வெந்துடாதா? பழசு ஏன் கெட்டுச்சி?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கேள்வி அவருக்குப் பிடித்திருந்தது. பதில் வெற்றிவேலிடமிருந்து வந்தது. அவன் தன் ஆட்டோவின் பின் மூடியைத் திறந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"இங்க வந்து பாருங்க. என் வண்டியில இந்தப் பெட்டி எதிர்ப் பக்கத்துல இருக்குது. உங்களுதுல சைலன்சருக்கு நேர் மேல இல்ல தொங்குது?"

மூவரும் இரண்டு வண்டிக்கும் நடுவில் மாறி மாறிக் குனிந்தார்கள். அவன் சொன்னது சரி. முன்னால் வண்டியை வைத்திருந்த யாரோ பின்பக்கத்துச் சரக்குப் பெட்டியைப் பெரிதாக்கிக் கட்டியபோது, இடம் போதாமல் சி.டி.ஐ.யைக் கழற்றி, ஒரு தகட்டை வளைத்துச் சைலன்சருக்கு மேலே கட்டிவிட்டிருந்தார்கள். மழையிலும் குளிரிலும் தாங்கியது. வெயில் காலத்தில் அது கீழே அடுப்பு, மேலே வெயில் என்று வெந்துகொண்டிருந்திருக்கிறது.

"வயரு எட்டாதே," என்றார் கோவிந்தராசு.

"நீட்டிக்கலாம்ணே," என்றான் வெற்றிவேல். கீழே படுத்துக்கொண்டு தகட்டைப் பிடித்தான். கோவிந்தராசு துளை போட்டார். கமலவேணி கையால் சூட்டைத் தடவித் தடவிப் பார்த்து, காற்று நேராக வந்து படும் இடத்தைக் காட்டினாள். பெட்டி அங்கே போய் உட்கார்ந்தது.

திங்கட்கிழமை கமலவேணி வீம்புக்கென்றே ஒவ்வொரு தெருவிலும் என்ஜினை அணைத்தாள். நிழல் இருந்தும் வெயிலில் நிறுத்தினாள். சொல்தா வீட்டம்மா கதவைத் திறந்து, புகையும் இல்லை சத்தமும் இல்லை என்று பார்த்துவிட்டு, சங்கரா, நண்டு இரண்டையும் வாங்கினார். வாங்கிவிட்டு, "இப்ப கெளம்புமா?" என்று வாசலிலேயே நின்று கேட்டார். கமலவேணி இழுத்தாள். "மெர்சி," என்று அந்தம்மா பிரெஞ்சில் வண்டிக்கே நன்றி சொன்னதுபோல் சொல்லிவிட்டு உள்ளே போனார். மளிகைக் கடைக்காரர் எட்டிப் பார்த்துக் கையை உயர்த்திக் காட்டினார். லாஸ்பேட்டை, சாரம், எங்கேயும் அது ஒரு இழுப்புக்கு மேல் கேட்கவில்லை. உச்சி வெயிலுக்குள் கடைசிக் காரப்பொடி மீன் வரைக்கும் விற்றுத் தீர்ந்தது. அவ்வளவு சீக்கிரம் வீடு திரும்பியது அவர்களுக்கு நினைவில் இல்லை.

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு அருகே வந்தபோது, வைத்திக்குப்பத்துப் பொம்பளைகள் ஐந்தாறு பேர் காலிக் கூடைகளோடு பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார்கள். ஒரு பஸ் வந்து நின்றது. கண்டக்டர் கூடையைப் பார்த்துக் கையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

கமலவேணி வண்டியை ஓரங்கட்டினாள். "ஏறுங்க."

முன்னால் நின்ற வயசான ஆயம்மா சந்தேகத்தோடு பார்த்தாள். வண்டியின் பெருமை ஊர் முழுக்கத் தெரியும். "நடுவழியில எறக்கித் தள்ளச் சொல்லுவியாடி?"

கமலவேணி சாவியைத் திருகி என்ஜினை அணைத்தாள். "அவசரமே இல்ல. மெதுவா ஏறுங்க. கூடைய ஒழுங்கா அடுக்குங்க. வெத்தல போடணும்னாலும் போட்டுக்குங்க."

அவர்கள் ஏறினார்கள், இடம் மாறி உட்கார்ந்தார்கள், கூடையைக் கூடைக்குள் செருகினார்கள், ஒருத்தியின் செருப்பு கீழே விழுந்து அதை எடுத்தார்கள். ஜெயம் பின்னால் நின்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். எல்லோரும் அடங்கி உட்கார்ந்ததும் கமலவேணி லீவரைத் தொட்டு இழுத்தாள்.

முதல் இழுப்பிலேயே கிளம்பியது. பொம்பளைகள் குலவை போட்டார்கள். ரோட்டில் போனவர்கள் என்ன கல்யாணமோ என்று திரும்பிப் பார்க்க, வண்டி கடல் பக்கம் திரும்பி வேகமெடுத்தது.